கொக்கி காலியாக இருக்கும் பத்து நாள்

1

இன்று காலை பத்து மணிக்கு அருங்காட்சியகக் கதவு திறந்ததும் உள்ளே போய், அப்பாவின் காக்கிச் சட்டையையும் கால்சட்டையையும் கொக்கியிலிருந்து இறக்கி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று இடங்களில் கையெழுத்து. "எப்போது திரும்பக் கொண்டுவருவாய்?" என்று மார்கரேத்தா கேட்டாள். அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும். "சூரன் செத்த மறுநாள்" என்றேன். அவள் அதைத் தேதியாக மாற்றி எழுதிக்கொண்டாள்.

நான் சேரன்மகாதேவிக்காரி. பெயர் வடிவு. பன்னிரண்டு வருஷமாக ஸ்வீடனின் வடக்கே, ஓர் ஆற்றங்கரை ஊரில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குக் காகித ஆலையில் மெக்கானிக் வேலை, எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரே மகள், பதினேழு வயது. மார்கரேத்தா இந்த ஊர் வட்டாரக் கலை அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பார்த்துக்கொள்கிறவள். அந்த அருங்காட்சியகத்தின் மேல்தளத்தில், இந்த ஊர்க்காரர்களின் படங்களுக்கும் மரச் சிற்பங்களுக்கும் நடுவில், சேரன்மகாதேவி மில்லில் மூட்டை தூக்கிய என் அப்பாவின் சட்டை தொங்குகிறது. வருஷத்தில் முந்நூற்றைம்பத்தைந்து நாள் தொங்குகிறது. எங்கள் பக்கத்துக் குலசைக் கோயிலில் தசராவுக்குக் கொடியேறியதும் பத்து நாளைக்கு என்னிடம் வந்துவிடும்.

அதை அங்கே தொங்கவிடுவதற்கு நான் போட்ட சண்டையைப் பற்றி எழுதச் சொல்லி ஊரிலிருந்து இரண்டு பேர் கேட்டார்கள். சண்டை இன்னும் முடியவில்லை, ஒரு ஆள் பாக்கி இருக்கிறார். இருந்தாலும் எழுதுகிறேன்.

2

இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது படம் பார்ப்பதற்காக அல்ல. பேருந்துக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது, காது விறைத்துப் போயிருந்தது. கதவைத் தள்ளினால் உள்ளே வெதுவெதுப்பு, அனுமதிச் சீட்டும் கிடையாது. சுவர்களில் பெரிய பெரிய படங்கள், ஆள் அரவமில்லாத அமைதி. நான் தானாகக் குனிந்து காலணியைக் கழற்றிவிட்டேன். வாசலோரமாக ஜோடியாக வைத்துவிட்டு, காலுறையோடு இரண்டு தளத்தையும் சுற்றிப் பார்த்தேன். காவலாளி என் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தார். வெளியே வரும்போதுதான், "இங்கே காலணியோடு வரலாம்" என்றார். "தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெரியாது.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. இந்த ஊரில் எல்லாரும் அங்கேதான் ஒதுங்குகிறார்கள். ஆலையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது ஊர்க்கூட்டம் அங்கேதான் நடந்தது. வியாழக்கிழமை சூப் ஊற்றுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு படம் வரைகிறார்கள். எங்கள் முதியோர் இல்லத்து நடைபாதையில் மாட்டியிருக்கும் படங்கள்கூட அங்கிருந்து வந்தவைதான், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். பிடிக்காத படம் வந்தால் கிழவர்கள் சுவரைப் பார்த்துத் திட்டுவார்கள்.

மேல்தளத்தில் வட்டார அறை. அங்கே ஒரு கோட்டு தொங்குகிறது. ஆற்றில் மரம் மிதக்கவிட்டுக் கொண்டுபோனவர் ஒருவருடையது. ஒட்டுப்போட்டு, தார் அப்பி, முழங்கையில் தோல் தைத்த பழைய கம்பளிக் கோட்டு. அதைப் போட்டுக்கொண்டிருந்தவரின் மகன் ஸ்வென் எங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார், தொண்ணூறு தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போவேன். கோட்டின் முன்னால் பத்து நிமிஷம் இருப்பார். பிறகு, "போகலாம், காபி ஆறிவிடும்" என்பார்.

அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஊரில் டிரங்குப் பெட்டியில் கிடந்த அப்பாவின் காக்கிச் சட்டைதான் ஞாபகம் வரும்.

3

அப்பா பெயர் சுடலைமுத்து. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது மில்லில் நாலு மூட்டை நெல்லைக் காணவில்லை என்று அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன், அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. அடிக்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, வாசலுக்கு நேரே தரையில் உட்காரவைத்தார்கள். இரண்டு நாள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற எங்கள் வகுப்புப் பிள்ளைகள், அம்மாவோடு வயலில் நடவு நடுகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மூன்றாம் நாள், லாரிக்காரர் அந்த மூட்டைகளை வேறு கிட்டங்கியில் தவறுதலாக இறக்கியது தெரிந்தது. அப்பாவிடம், "எந்திரிச்சுப் போலே" என்று சொல்லிவிட்டு, அங்கே இருந்த ஏட்டு டீயைக் குடித்துக்கொண்டிருந்தாராம்.

அந்தத் தரையில் உட்கார்ந்துகொண்டே அப்பா குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டார். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு வேண்டுதல் வைத்தவர்கள் விரதமிருந்து, கையில் காப்புக் கட்டி, வேசம் போடுவார்கள். காளி, கரடி, குறத்தி, பிச்சைக்காரர், எது நேர்ந்துகொண்டார்களோ அது. வேசத்தோடு ஊர் ஊராகப் போய்த் தட்டேந்தி வாங்கிய தர்மத்தை உண்டியலில் போட்டு, கடற்கரையில் சூரசம்ஹாரம் பார்த்து, காப்பை அவிழ்ப்பார்கள். தட்டேந்தி நிற்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பத்து நாளைக்கு அம்மாளுடைய ஆள்.

அப்பா போலீஸ் வேசம் என்றதும் அம்மா திகைத்துப் போனாள்.

"ஒங்களுக்குப் போலீசுன்னாலே வேர்த்து ஊத்தும். நீங்க போலீசு வேசம் போடுதியளாக்கும்?"

"அதுக்குத்தாம் போடுதேன்" என்றார் அப்பா.

சட்டையைப் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டெய்லர் தைத்துக் கொடுத்தார். இடுப்புப் பட்டை, மில்லில் அறுந்துபோன மெஷின் பெல்ட். அதன் முகப்பை எண்ணெய் டின்னின் மூடியை வெட்டி அப்பாவே செய்தார். தோளில் நட்சத்திரம் மூன்றும் அட்டையில் வெட்டி ஜிகினா ஒட்டியது. நெஞ்சில் பெயர்ப்பட்டை, தகரத்தில் வெள்ளைப் பெயிண்டால் சு. சுடலைமுத்து. அதை எழுத அப்பாவுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. அவருக்கு எழுதத் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அந்த வேசத்தோடு அப்பா முதலில் போனது அதே ஸ்டேஷனுக்கு. மேளம் அடிக்கிறவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள், அவர் மட்டும் உள்ளே போய் ஏட்டு முன்னால் தட்டை நீட்டினார். ஏட்டு உட்கார்ந்தபடியே சிரித்துக்கொண்டு ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டார். அப்பா அதை வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷமும் போனார். அதற்கடுத்த வருஷமும். எத்தனையாவது வருஷம் என்பதில் எங்கள் வீட்டில் சண்டை உண்டு, அண்ணன் நாலு என்பான், அம்மா ஆறு என்பாள். ஒரு வருஷம் அந்த ஏட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் காசைத் தட்டில் வைத்தார்.

அப்பா வெளியே வந்து எங்களிடம் சொன்னது ஒரே வார்த்தை. "எந்திரிச்சான்."

அதற்குப் பிறகு ஊரே அதைக் கேட்டது. டீக்கடையில், ஆற்றில் குளிக்கும் இடத்தில், மில் வாசலில், எங்கே பார்த்தாலும் "எந்திரிச்சானா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். "எந்திரிச்சாம்வே" என்பார் அப்பா. சாகும்வரை அந்தக் கேள்வி அவருக்குச் சலிக்கவில்லை.

4

மூன்று வருஷத்துக்கு முன்னால் அருங்காட்சியகம் ஒரு கடிதம் அனுப்பியது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் கலையைக் காட்டும் பொருள் ஒன்றைக் கொடுக்கலாம் என்று. மார்கரேத்தா என்னைக் கூப்பிட்டு, காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்து, பட்டுப் புடவையோ பித்தளை விளக்கோ இருக்குமா என்று ஆசையாகக் கேட்டாள். எங்கள் வீட்டு விளக்கு எவர்சில்வர் என்று சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதற்கு முன்பு ஊருக்குப் போனபோது புடவைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்த அப்பாவின் சட்டையை எடுத்துப் போய் விரித்தேன். படிவத்தில் செய்தவர் யார் என்ற கட்டத்தில் அப்பா, டெய்லர், மில் என்று மூன்றும் எழுதினேன். பொருளின் பெயர் என்ற இடத்தில் போலீஸ் என்று எழுதினேன். என் ஸ்வீடிஷ் அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் பதில் வந்தது, என் தந்தையின் காவல்துறைச் சேவைக்கு அருங்காட்சியகத்தின் மரியாதை என்று. அப்பா இருந்திருந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

நான் நேரில் போய் விளக்கினேன். அதற்குப் பிறகுதான் விஷயம் கெட்டது. எது எங்கே தொங்கும் என்று முடிவு செய்வது நகராட்சியின் பண்பாட்டுக் குழு. அதன் தலைவரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் அறையில் வாசலுக்கு நேரே ஒரு தாழ்வான பெஞ்சு. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே அங்கே உட்காரும்படி விரலைக் காட்டினார். இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். என் முழங்கால் என் மோவாய் உயரத்துக்கு இருந்தது. வருவோர் போவோர் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது அப்போதுதான்.

தொலைபேசியை வைத்தபின் மரியாதையாகத்தான் பேசினார். "அப்படியானால் இது நிஜமான சீருடைகூட இல்லை, இல்லையா?" என்றார். நாற்காலியை விட்டு அசையவில்லை. வேண்டுமானால் கீழ்த்தளத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில், உலகின் வண்ணங்கள் என்று ஒரு நடைபாதை இருக்கிறது, அங்கே மாட்டலாம் என்றார்.

"மேலே" என்றேன். "வட்டார அறையில். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்."

"அது இந்த வட்டாரத்தின் வாழ்க்கை."

"நான் எந்த வட்டாரம்? எனக்கு வரி எங்கே பிடிக்கிறார்கள்? அந்தக் கோட்டுக்காரரின் மகனைத் தினமும் குளிப்பாட்டுவது யார் என்று நினைக்கிறாய்?"

இதை அவரிடம் சொன்னேனா, வெளியே வந்து பாலத்தில் நடக்கும்போது சொன்னேனா என்று சத்தியமாக நினைவில்லை. சொல்லியிருந்தால், அந்த 'நீ' என் வாயில் வந்திருக்காது. இங்கே எல்லாரும் எல்லாரையும் 'நீ' என்றுதான் சொல்ல வேண்டும், மரியாதைப் பன்மை என்று ஒன்று புழக்கத்தில் இல்லை. பன்னிரண்டு வருஷமாகியும் வயதில் மூத்தவர்களிடம் அது எனக்கு வராது. வாக்கியத்தை வளைத்து நெளித்து, 'நீ'யே இல்லாமல் பேசிவிடுவேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வட்டார அறையில் இடம்பெறும் பொருள், இந்த வட்டாரத்தில் செய்யப்பட்டதாகவோ இந்த வட்டாரத்தில் பயன்படுத்தப்பட்டதாகவோ இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே வருந்துகிறோம். சமையல்கட்டில் நின்று ஒருமுறை படித்து அழுதேன். இரண்டாம் முறை படித்தபோது ஒரு வார்த்தையில் கண் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு நன்றாகச் சிரித்தேன்.

பயன்படுத்தப்பட்டதாகவோ. அவ்வளவுதானே?

5

அண்ணன் பேச்சிமுத்து சேரன்மகாதேவியில் டீக்கடை வைத்திருக்கிறான். குலசையிலிருந்து ஒரு காப்பு வாங்கி அனுப்பு என்று கேட்டதற்குக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினான்.

"ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிட்டா? காப்பு தவால்ல வருமாட்டி? அது என்ன கருவாடா?"

"நீ அனுப்புண்ணே."

"அப்பா சட்டய நீ தூக்கிட்டுப் போனதே எனக்குத் தெரியாது. இப்ப வெள்ளக்காரன் மியூசியத்துல தொங்கப் போடப்போறேன்னு சொல்லுத. உடுத்துனாத்தாம்ட்டி அது வேசம். தொங்கப் போட்டா வெறுந் துணி."

"அதத்தாம் நானும் சொல்லுதேன். உடுத்தப் போறேன்."

"பொம்பளப் பிள்ள அப்பா சட்டயப் போட்டுக்கிட்டு அவங்கிட்டப் போயி கையேந்தவா சீமைக்குப் போன?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் பேச்சில் இந்த விஷயம் வரவில்லை. மழை, அம்மாவின் மூட்டுவலி, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்பதோடு முடித்துக்கொள்வான்.

ஆனால் அவன் சொன்ன அந்த வார்த்தை எனக்குள் நின்றுவிட்டது. தொங்கப் போட்டால் வெறும் துணி. வருஷத்தில் பத்து நாள் சட்டை என்னிடம் வர வேண்டும் என்று பிறகு நான் அருங்காட்சியகத்துக்குப் போட்ட நிபந்தனை என் புத்தியில் முளைத்தது அல்ல, சேரன்மகாதேவி டீக்கடையிலிருந்து வந்தது.

மகள் வேறு மாதிரி. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வேண்டும் என்றால் வார்த்தையைத் தேடுவாள். "அம்மா, என் ஸ்கூல் அந்தத் தெருவிலதான் இருக்கு. எல்லாரும் பாப்பாங்க. வேண்டாம்மா, பிளீஸ்."

"பாக்கட்டும்" என்றேன்.

"உனக்கு வெட்கமா இல்லையா?"

"எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. அதத் தீக்கத்தான் இதப் போட்டாரு."

அவள் ஸ்வீடிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் பின்னால் போகவில்லை.

இதற்கிடையில் மார்கரேத்தா பயந்துபோய், போலீஸ் உடுப்பில் ஒருத்தி தெருவில் நடக்கலாமா என்று இங்கத்திய காவல்துறைக்கே எழுதிக் கேட்டாள். பதில் ஒழுங்காக வந்தது. படத்தில் உள்ள உடுப்பை எங்கள் சீருடை என்று யாரும் தவறாக நினைக்க வாய்ப்பில்லை என்று. ஜிகினா நட்சத்திரத்தை அவர்கள் அப்படிச் சொன்னதில் அப்பா சார்பில் எனக்கு வருத்தம்தான்.

6

அந்த வருஷம் கொடியேற்ற நாளில், வீட்டிலிருந்த மஞ்சள் கிழங்கை உரைத்து நூலில் தடவி, அடுப்படியில் மாட்டியிருக்கும் முத்தாரம்மன் படத்தின் முன்னால் நானே காப்பாகக் கட்டிக்கொண்டேன். ஒரு கையால் இன்னொரு கையில் முடிச்சுப் போட முடியாது, பல்லால் இழுத்தேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வந்து முடிச்சை இறுக்கிவிட்டார்.

அப்பாவின் சட்டை எனக்குத் தோளில் கொஞ்சம் பெரிது. உள்ளே இரண்டு கம்பளிச் சட்டை போட்டதும் அளவாகிவிட்டது. மெஷின் பெல்ட்டை இழுத்துக் கட்டினேன். கண்மையால் மீசை வரைந்தேன். எவர்சில்வர் தட்டு, சம்மட்டிக் கைப்பிடியை வெட்டிச் செய்த லத்தி. வெளியே வந்தால் அந்த வருஷத்தின் முதல் பனி. விசிலை ஊதினால் உதடு ஒட்டிக்கொண்டது.

பாலத்தைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் நுழைந்து, முதலில் எதிர்ப்பட்ட ஆளிடம் தட்டை நீட்டினேன். "அம்மாவுக்குத் தர்மம் போடு." தமிழில்தான் சொன்னேன், பிறகு அவர் மொழியில். அவர் பயப்படவில்லை. இரண்டு பையையும் தடவிவிட்டு, "என்னிடம் காசே கிடையாது" என்றார். பொய்யில்லை. இந்த நாட்டில் யாரிடமும் காசு கிடையாது, எல்லாம் அட்டையும் தொலைபேசியும்தான். தர்மம் கேட்டுப் போகிறவள் இதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். தொலைபேசியில் பணம் அனுப்புகிற எண் இருக்கிறதா என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள். தட்டில் விழ வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குத் தட்டில் விழுந்தது ஒரு பேரிக்காய், கோட்டிலிருந்து பிய்த்த ஒரு பித்தான், ஸ்வென் தன் மேசையில் வைத்திருந்த செல்லாத நாணயம் ஒன்று. அருங்காட்சியகத்துக்குப் போனபோது மார்கரேத்தா பெட்டியறைக்கு ஓடினாள். அங்கே பையை வைத்துப் பூட்டுகிற பெட்டிகளுக்கு மட்டும் இன்னும் பத்து குரோனா நாணயம் வேண்டும், திறந்தால் அது திரும்ப வரும். தன் பெட்டியைத் திறந்து, கோட்டை எடுத்துத் தரையில் போட்டுவிட்டு, அந்த நாணயத்தைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் வைத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நான் இரண்டு கையால் தட்டைப் பிடித்திருந்ததைப் பார்த்துச் செய்தாள்.

இன்னொன்றும் நடந்தது. மூத்தவர், இளையவர், ஆலை முதலாளி எல்லாரையும் 'நீ' என்று கேட்டேன். நாக்கு தடுக்கவே இல்லை. அம்மாளுடைய ஆள் யாரைப் போய் 'நீங்கள்' என்று சொல்வது?

நகராட்சிக்கும் போனேன். தலைவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சிவந்தது. கையை விரித்து, "காசு இல்லை" என்றார். நான் தட்டை நீட்டியபடி நின்றேன். அவர் திரையைப் பார்க்கத் தொடங்கினார். வந்துவிட்டேன்.

பத்து நாள் முடிந்து, ஆற்றில் காப்பை விட்டுவிட்டு, படிவத்தை மறுபடி நிரப்பினேன். பயன்படுத்தப்பட்ட இடம், இந்த ஊர். சாட்சிகள் என்று முப்பத்தொரு பேரின் கையெழுத்து. முதல் கையெழுத்து ஸ்வென், நடுங்கி நடுங்கிப் போட்டது. குழுவால் மறுக்க முடியவில்லை, விதி அவர்கள் எழுதியதுதான். மேல்தளத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஆனால் நான் ஒரு நிபந்தனை போட்டேன். கண்ணாடிப் பெட்டி கூடாது, வருஷத்தில் பத்து நாள் என்னிடம் தர வேண்டும். காட்சிப் பொருளை நினைத்த நேரத்தில் எடுத்துப் போவது வழக்கமில்லை என்று தலைவர் எழுதினார். அப்படியானால் பொருளும் இல்லை என்று எழுதினேன். நாலு மாதம் கடிதம் போய்க் கடிதம் வந்தது. கடைசியில் மார்கரேத்தா ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்தாள்.

அந்தப் பத்து நாளும் வெறும் கொக்கிக்குக் கீழே என்ன எழுதி வைப்பது என்று கேள்வி வந்தது. பிழையில்லாமல் எழுத வேண்டுமே என்று மகளைக் கேட்டேன். தாத்தாவைப் பற்றி நாலு வரி எழுது என்றேன். அவள் நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தாள். 'இங்கே இல்லை. பயன்பாட்டில் இருக்கிறது.' தாத்தா பெயர் எங்கே என்று கேட்டேன். "சட்டையிலேயே இருக்கேம்மா" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் இன்றைக்கும் நான் வேசத்தோடு போகும்போது அவள் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுகிறாள். நானும் கூப்பிடுவதில்லை.

இரண்டாம் வருஷம் ஊர்க்காரர்கள் தயாராக இருந்தார்கள். வீட்டு மூலையில் கிடந்த நாணயங்களைத் தேடி எடுத்து வைத்திருந்தார்கள். நகராட்சியில் தலைவர் உட்கார்ந்தபடியே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு நாணயத்தைத் தட்டில் போட்டார். சத்தம் கேட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வருஷம் வருவேன் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

7

எழுதத் தொடங்கி ஐந்து நாள் ஆகிவிட்டது. வேலையும் விரதமுமாக நடுவில் எழுத முடியவில்லை. எழுதாமல் இருந்ததும் நல்லதுதான்.

கொடியேற்றத்தன்று மத்தியானம் தபாலில் ஓர் உறை வந்தது. அண்ணன் கையெழுத்து. மேலே சுங்கச் சீட்டில், உள்ளே இருப்பது: நூல், ஒன்று. இந்த வருஷம் நான் காப்பு கேட்கவில்லை. அவன் வேலைமெனக்கெட்டுக் குலசைக்குப் போய், சந்நிதியில் வைத்து வாங்கி, தபால் நிலையத்தில் வரிசையில் நின்று அனுப்பியிருக்கிறான். உள்ளே ஒரு பொட்டலம் குங்குமம், கடிதம் ஏதும் இல்லை. இந்த முறையும் முடிச்சை வீட்டுக்காரர்தான் போட்டுவிட்டார்.

இன்று நகராட்சிக்குப் போனேன். அதே அறை, வாசலுக்கு நேரே அதே தாழ்வான பெஞ்சு. அதில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார், ஏதோ உரிமம் கேட்டு வந்தவர். அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்காரவில்லை. மேசை முன்னால் போய் நின்று, தட்டை நீட்டினேன்.

"அம்மாவுக்குத் தர்மம் போடு."

தலைவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பெயர்ப்பட்டையைப் பார்த்தார். "பிறகு கூப்பிடுகிறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்தார். நாணயம் தயாராக, ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தது. அதை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அதன் சக்கரம் உருண்டுபோய்ச் சுவரில் இடித்தது.

அவர் அவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. மூன்று வருஷத்தில் நின்று பார்த்ததே இல்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, என் முன்னால் நின்று, இரண்டு கையாலும் தட்டில் வைத்தார். நான் ஒரு சிட்டிகை குங்குமத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் கையை மூடிக்கொண்டார். ஏன் இந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் ஏட்டிடம் கேட்டதில்லை.

வெளியே வந்து பாலத்தின் நடுவில் நின்று அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம், கடையில் கூட்டம், தம்ளர் கழுவுகிற சத்தம்.

"சொல்லுட்டி. காப்பு வந்துட்டா?"

"கட்டியிருக்கேன்."

"ம்." பாய்லர் சத்தம் கேட்டது. யாரோ இரண்டு டீ சொன்னார்கள். "அந்த ஆபீசுக்காரங்கிட்டப் போனியா?"

ஆபீசுக்காரனைப் பற்றி நான் அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மகள் சொல்லியிருக்கிறாள்.

"போனேன்."

தம்ளர் சத்தம் நின்றது.

"எந்திரிச்சானா?"

"எந்திரிச்சாம்ணே" என்றேன்.

அவன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கடையைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"ஏலே, எந்திரிச்சிட்டானாம்லே!"